1942 கோர்ட்டைப் படமாக எடுப்பது

பாளையங்கோட்டையில் விஸ்காம் முடித்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 1942 ஆகஸ்ட் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டச் சமயத்தில் திருச்செந்தூர்க் கடற்கரைப் பக்கத்து உப்பளம் ஒன்றில் ஒரு கொலை, அப்புறம் அந்தக் கொலை வழக்கு. இதை வைத்து ஒன்றரை மணி நேரப் படம் எடுக்கப் போகிறாராம். முக்கால்வாசிக் கதை கோர்ட்டுக்குள்ளேயே நடக்கிறது. கையில் பணம் அதிகமில்லை. முடிவில், கூண்டில் நிற்கும் இளைஞனை வெள்ளைக்கார பிராசிகியூட்டர் மடக்கி மடக்கிக் கேட்க, அவன் ஐந்து நிமிடம் பொரிந்து தள்ளுகிறான். இதில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும், திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்திலேயே எடுத்துவிட முடியுமா என்பது கேள்வி.

நான் சட்டம் படித்து, சில வருஷம் கறுப்புக் கோட்டு போட்டுவிட்டு, அப்புறம் சினிமாவில் கலை இயக்கப் பிரிவுக்குப் போனவன். அதனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் அந்த முடிவுக் காட்சி. அப்படி ஒன்று 1942இல் இந்தியாவின் எந்த செஷன்ஸ் கோர்ட்டிலும் நடந்திருக்க முடியாது, தம்பி. அன்றைக்கு இருந்தது 1898ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதன்படி, குற்றம் சாட்டப்பட்டவன் தன் வழக்கில் தானே சாட்சியாக ஏற முடியாது. அவனுக்குப் பிரமாணம் செய்துவைக்கவே கூடாது என்று 342ஆம் பிரிவு சொல்லியிருந்தது. பிரமாணம் இல்லையென்றால் குறுக்கு விசாரணையும் கிடையாது. பிராசிகியூட்டர் அவனைப் பார்த்து ஒரு கேள்விகூடக் கேட்க வழியில்லை. எதிரி (கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவன்) விரும்பினால் சாட்சிக் கூண்டில் ஏறலாம் என்ற திருத்தம் 1955இல்தான் வந்தது. பிராசிகியூட்டர் வெள்ளைக்காரராக இருப்பதும் சினிமா வழக்கம்தான். ஜில்லா கோர்ட்டுகளில் சர்க்கார் வக்கீலாக இருந்தவர்கள் பெரும்பாலும் நம்மூர் ஆட்களே. எதிரிக்காக வாதாடுகிறவரும் அவரும் ஒரே வக்கீல் சங்கத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவர்கள். அப்படிக் காட்டினால் உங்கள் படத்துக்குக் கனம் கூடும்.

சரி, எதிரிக்கு வாயே கிடையாதா என்றால், உண்டு. சர்க்கார் தரப்புச் சாட்சிகள் முடிந்ததும் ஜட்ஜ் அவனைப் பார்த்துக் கேட்பார். இன்ன சாட்சி உன்னை அன்றைக்கு இன்ன இடத்தில் பார்த்ததாகச் சொல்கிறார், நீ என்ன சொல்கிறாய்? இந்தப் பொருளை நீதான் எடுத்துக்கொடுத்தாய் என்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய்? வக்கீல் சொல்லிக்கொடுத்த ஒற்றை வார்த்தையில் பதில் வரும். பொய். தெரியாது. நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. மேடையில் மணிக்கணக்காகப் பேசக்கூடிய ஓர் இளைஞன், உயிர் போகிற வழக்கில், பத்துப் பதினைந்து சொற்களில் நிற்க வேண்டியிருக்கிறது. நடிகர் நல்லவராக இருந்தால் ஐந்து நிமிட வசனத்தைவிட இது தாங்கும்.

தமிழ் சினிமாவில் கோர்ட் என்றாலே வசனம்தான் நினைவுக்கு வரும். 1952இல் வந்த பராசக்தியின் கோர்ட் காட்சியை மனப்பாடமாகச் சொல்கிற பெரியவர்கள் இன்றைக்கும் நம் பக்கம் இருக்கிறார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே கோர்ட் ஒரு மேடை, பேச்சு பார்வையாளரை நோக்கிப் போகிறது, அது அந்தப் படத்துக்குப் பொருந்துகிறது. நீங்களோ உண்மையான வழக்கைப் போல எடுக்க வேண்டும் என்கிறீர்கள். அப்படியானால் மேடையை விட்டு இறங்கியாக வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். யுத்த காலக் கோர்ட் என்றால் சாதாரண கோர்ட்டில் காக்கி உடையும் அபாயச் சங்கும் சேர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது இல்லை. கோர்ட்டே வேறு. 1942 ஜனவரியில் வைஸ்ராய் லின்லித்கோ ஓர் அவசரச் சட்டம் போட்டார். அந்த வருஷத்தின் 2ஆம் அவசரச் சட்டம், தனிக் குற்றவியல் நீதிமன்றங்களுக்கானது. எதிரி நாடு படையெடுத்தாலோ, படையெடுக்கும் அபாயம் நெருங்கினாலோ, மாகாணத்துக்குள் கலகம் நடந்தாலோ, மாகாண சர்க்கார் அதை அமலுக்குக் கொண்டுவரலாம். ஜப்பான்காரன் வருவான் என்ற பயத்தில் எழுதியது. அந்தப் பயம் சும்மா இல்லை. ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. ஆனால் ஆகஸ்டில் காங்கிரஸ் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டு, தந்திக் கம்பி அறுப்பும் ரயில் நிலையத் தாக்குதலும் தொடங்கியதும், அதே சட்டம் நம் பையன்கள் மேல் திரும்பியது.

அந்தச் சட்டத்தை ஒரு தடவை பொறுமையாகப் படியுங்கள். திரைக்கதை அதிலேயே இருக்கிறது. தனி ஜட்ஜுக்கு கமிட்டல் தேவையில்லை. அதாவது, கீழ்க்கோர்ட்டில் ஒரு முறை சாட்சிகளைக் கேட்டுப் பார்த்து மேலே அனுப்பும் படி அடிபட்டுப் போகிறது. ஜூரியும் இல்லை, ஜட்ஜுக்குக் கருத்துச் சொல்ல உட்காரும் அசெஸர்களும் இல்லை. சாட்சி சொல்வதை முழுதாக எழுத வேண்டாம், சாரத்தைக் குறிப்பாக எழுதினால் போதும். எதிரி கேட்கும் சாட்சியால் பயனில்லை என்று ஜட்ஜுக்குத் தோன்றினால் அழைக்க மறுத்துவிடலாம். நீதிக்கு அவசியம் என்று அவருக்கே பட்டாலொழிய வாய்தா கொடுக்கக் கட்டாயமில்லை. தண்டனைக்கு எதிராக வழக்கமான அப்பீல் கிடையாது. தூக்கு, ஆயுள், 7 வருஷமும் அதற்கு மேலும் என்றால் மட்டும், சர்க்கார் நியமிக்கிற ஒரு ஹைகோர்ட் நீதிபதி பரிசீலிப்பார். அவர் சொன்னதே முடிவு.

ஆக, உங்கள் படத்தில் வில்லன் பிராசிகியூட்டர் இல்லை, ஜட்ஜும் இல்லை. இன்னின்னதைச் செய்யாமல் விடலாம் என்று ஜட்ஜுக்கு அந்தச் சட்டம் கொடுத்த அனுமதிதான் வில்லன். ஜட்ஜை நேர்மையானவராகவே வையுங்கள். சாட்சி மூன்று நிமிடம் பேசுகிறான், ஜட்ஜின் பேனா ஒரு வரி மட்டும் ஓடி நிற்கிறது. எதிரித் தரப்பு வக்கீல் எழுந்து, சாட்சி சொன்ன இன்ன வார்த்தையையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்கிறார். அவசியமில்லை என்று அமைதியாகப் பதில் வருகிறது. ஊரிலிருந்து ஒரு கிழவியைச் சாட்சியாக அழைக்க வாய்தா கேட்கிறார், கிடைக்கவில்லை. யாரும் குரலை உயர்த்தவில்லை. ஒரு கழுத்து மட்டும் கயிற்றுக்குப் பக்கத்தில் போகிறது.

இதற்கு முன்னோடி கேட்டால், ஸ்டான்லி குப்ரிக் 1957இல் எடுத்த பாத்ஸ் ஆஃப் குளோரியைச் சொல்வேன். முதல் உலக யுத்தத்துப் பிரெஞ்சு ராணுவக் கோர்ட் கதை. மூன்று சிப்பாய்களின் விசாரணையை ஜெர்மனியில் மியூனிக் பக்கத்து அரண்மனை ஒன்றின் பெரிய மண்டபத்தில் எடுத்தார்கள். அதிலும் வக்கீலாக நிற்கும் கர்னலின் பெரிய புகார், விசாரணையை யாரும் எழுத்தில் பதிவு செய்யவில்லை என்பதுதான். கட்டம் போட்ட தரை, எதிரொலி, தூரத்தில் தனித்தனி நாற்காலியில் மூன்று பேர். காட்சி சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிரெஞ்சுக்காரர்களுக்குச் சுட்டது. அந்தப் படம் பிரான்சில் 1975 வரை திரைக்கு வரவில்லை. இன்னொன்று, போயர் யுத்தத்தை வைத்து புரூஸ் பெரஸ்ஃபோர்ட் 1980இல் எடுத்த பிரேக்கர் மோரண்ட். ஒவ்வொரு சாட்சியாக வர வர, நடந்தது துண்டு துண்டாக வெளியே தெரியும். நீங்களும் அதே அமைப்பைத்தான் யோசித்திருப்பீர்கள். அதில் ஓர் ஆபத்து உண்டு. ஃபிளாஷ்பேக்கைக் காட்டிய உடனே பார்க்கிறவன் அதை உண்மை என்று நம்பிவிடுவான். அப்புறம் சாட்சி பொய் சொல்கிறானா என்ற பதற்றமே போய்விடும். என்னைக் கேட்டால், கொலை நடந்த அந்தச் சில நிமிடங்களைக் காட்டவே காட்டாதீர்கள். போவதைக் காட்டுங்கள், திரும்பி ஓடுவதைக் காட்டுங்கள், அது போதும்.

வழக்கை எதன் மேல் நிறுத்துவது? கூட்டமாகச் சேர்ந்து செய்த குற்றம் என்றால், அந்தக் காலத்தில் அப்ரூவர்தான் முதுகெலும்பு. கூட இருந்தவன், மன்னிப்பு வாங்கிக்கொண்டு கூண்டேறுவான். அவன் வார்த்தையை மட்டும் நம்பித் தண்டிப்பது சரியில்லை, வேறு ஆதாரம் துணைக்கு வேண்டும் என்பது 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலிருந்து வரும் விதி. அதே சட்டத்தில் 25ஆம் பிரிவு, போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது என்றது. 27ஆம் பிரிவு பின்வாசலைத் திறந்தது. அவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அந்த அளவுக்கு மட்டும் அந்தப் பேச்சு செல்லும். அதனால்தான் எந்தக் கேஸ் கட்டைப் பிரித்தாலும் எதிரி ஓடையோரம் கூட்டிக்கொண்டு போய் அரிவாளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பான், பொருளைக் கைப்பற்றியதை எழுதும் மகஜரில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். உங்கள் வக்கீல் அந்த மகஜர் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் காட்சிக்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். மாஜிஸ்திரேட் நடத்தும் அடையாள அணிவகுப்பும் நல்ல காட்சி. அதற்கு முன்பே ஸ்டேஷனில் வைத்து ஆளைக் காட்டிவிட்டார்கள் என்பது எப்போதும் வரும் வாதம். எல்லாவற்றுக்கும் முன்னால், கிராம முன்சீப் ஸ்டேஷனுக்கு எழுதி அனுப்பும் யாதாஸ்து. அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பதைச் சுற்றியே முதல் அரை மணி நேரத்தை ஓட்டலாம்.

நடுவில் ஒரு திருப்பம் வேண்டுமென்றால், கற்பனையே தேவையில்லை. 1943 ஜூன் 4ஆம் தேதி டெல்லி ஃபெடரல் கோர்ட், பன்வாரி லால் சர்மா வழக்கில், இந்தத் தனி நீதிமன்ற அமைப்பே செல்லாது என்று சொன்னது. மறுநாளே வைஸ்ராய் 19ஆம் அவசரச் சட்டத்தைப் போட்டு அந்த நீதிமன்றங்களைக் கலைத்தார். ஆனால் அவை கொடுத்த தண்டனைகள் அப்படியே நிற்கும், இனி அப்பீல் செய்துகொள்ளலாம் என்று வைத்தார். ஜெயிலில் இருப்பவனுக்குக் கோர்ட் செல்லாது என்ற செய்தி ஒரு நாளும், தண்டனை செல்லும் என்ற செய்தி அடுத்த நாளும் வந்து சேர்கிறது. அந்த அப்பீல் கதவு திறந்ததில் எத்தனையோ பேர் மூச்சுவிட்டார்கள். 1944இல், அன்றைக்கு இந்திய வழக்குகளுக்குக் கடைசி அப்பீல் இடமான லண்டன் பிரிவி கவுன்சில், ஃபெடரல் கோர்ட் சொன்னது தப்பு, முதல் சட்டமே செல்லும் என்று தீர்ப்பளித்தது தனிக் கூத்து. அது உங்கள் கதைக்கு வெளியே.

மொழி பற்றிக் கொஞ்சம். ஜட்ஜும் வக்கீல்களும் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசுவார்கள். சாட்சி தமிழில் சொல்வான், பதிவு இங்கிலீஷில் ஏறும். படம் முழுக்க இதைச் செய்தால் பார்க்கிறவன் களைத்துவிடுவான். கூண்டில் நிற்பவன் காதுக்கு எட்டும்போது மட்டும் இங்கிலீஷ் வரட்டும், மற்ற இடங்களில் தமிழிலேயே ஓட்டிவிடுங்கள். சாட்சிகளுக்கு நெல்லைத் தமிழ் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் சினிமா நெல்லைத் தமிழ் வேண்டாம். வரிக்கு ஒரு ‘ஏலே’ போட்டு எழுதுவது சென்னையில் உட்கார்ந்திருப்பவர் வேலை. ஜட்ஜ் முன்னால் நிற்கிற உப்பளக் கூலியாள் ‘ஏலே’ போட மாட்டான், ‘எசமான், நான் கண்ணால பாத்ததச் சொல்லுதேன்’ என்று அடங்கித்தான் பேசுவான். உடன்குடிப் பேச்சும் பாளையங்கோட்டைப் பேச்சும் ஒன்றில்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்த ஊர் ஆள் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

கோர்ட் ஹாலுக்கு வருவோம். நடைமுறையில் இருக்கும் கோர்ட்டில் படமெடுக்க அனுமதி கிடைக்கும் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள். செட்டும் வேண்டாம். பாளையங்கோட்டையிலேயே உயரக் கூரையும் தடித்த சுவரும் நீள வராந்தாவுமாகப் பழைய மிஷன் பள்ளிக் கட்டடங்கள் இருக்கின்றன. கோடை லீவில் கேட்டால் ஒரு ஹால் கிடைக்கும். டியூப்லைட்டையும் ஸ்விட்ச் போர்டையும் மறைத்து, சுண்ணாம்பு அடித்து, மேடையைக் கொஞ்சம் உயர்த்தினால் பாதி வேலை முடிந்தது. பழைய பர்னிச்சர் தூத்துக்குடியில் வாடகைக்குத் தேடுங்கள்.

உள்ளே என்ன இருக்கக் கூடாது என்பதுதான் பெரிய விஷயம். ஜட்ஜ் மேஜையில் மர சுத்தியல் கூடவே கூடாது. இந்தியக் கோர்ட்டில் யாரும் தட்டியதில்லை, அது இங்கிலீஷ் படம் பார்த்து வந்த பழக்கம். கண் கட்டிய நீதி தேவதைப் பொம்மையும் வேண்டாம். சாட்சி கீதையில் கை வைத்துச் சத்தியம் செய்வதும் வேண்டாம். 1873ஆம் வருஷத்துப் பிரமாணச் சட்டப்படி, இந்துவோ முஸ்லிமோ சாட்சி என்றால் உறுதிமொழி மட்டும் சொல்வார்கள். கிறிஸ்தவச் சாட்சி வந்தால் பைபிள் வரலாம், நம் கடற்கரைப் பக்கம் அப்படிச் சாட்சிகள் நிறையவே வருவார்கள். சுவரில் ராஜா படம் மாட்டினால், தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜை மாட்டிவிடாதீர்கள். அவர் 1936இலேயே போய்விட்டார். 1942இல் ஆறாம் ஜார்ஜ், தாடி கிடையாது. ‘வாய்மையே வெல்லும்’ என்ற வாசகமும் கோபுர முத்திரையும் எங்கேயும் தெரியக் கூடாது. வக்கீல்களில் மூத்தவர்களுக்குத் தலைப்பாகை கொடுங்கள், பஞ்சகச்சத்துக்கு மேல் கோட்டு போட்டவரும் ஒருவர் இருக்கட்டும். விசாரணைக் கைதிகளுக்குக் கோடு போட்ட ஜெயில் உடை மாட்டாதீர்கள். தீர்ப்பாகும் வரை அவர்கள் சொந்த வேட்டி சட்டைதான்.

சுவர்க் கடிகாரம் வைப்பீர்கள், எல்லாரும் வைப்பார்கள். இதைக் கேளுங்கள். யுத்தத்துக்காக 1942 செப்டம்பர் 1ஆம் தேதியிலிருந்து இந்தியா முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். 1945 அக்டோபர் வரை அப்படியே இருந்தது. கடிகாரம் 11 காட்டி, கோர்ட் சேவகரான டவாலி கூப்பிடும்போது, வெயில் இன்றைய 10 மணி வெயிலாக இருக்க வேண்டும். ஒளிப்பதிவாளரிடம் சொல்லிவிடுங்கள். கிழக்கு ஜன்னல் உள்ள ஹாலாகப் பார்த்துப் பிடித்தால், காலை அமர்வு முழுக்க வெளிச்சம் சாய்ந்து விழும், லைட் வாடகையும் மிச்சம்.

சில்லறைப் பொருட்களையும் பார்க்க வேண்டும். யுத்த காலம் என்றதும் ஓட்டைக் காலணாவைத் தேடி வாங்குவார்கள். அது 1943இல்தான் வந்தது, கொலை நடக்கும் 1942 காட்சியில் கடைக்காரர் கையில் இருக்கக் கூடாது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல்தான் ஓடத் தொடங்கியது. ஆகவே கடற்கரைக் கிராமத்துக்கு ராந்தல் வெளிச்சம் போதும். பெட்ரோல் ரேஷன் என்பதால் பஸ் ஓடினால் பின்னால் கரிவாயு அடுப்போடு ஓட வேண்டும். அது கிடைக்காவிட்டால் பஸ்ஸையே காட்டாதீர்கள், வில்வண்டி போதும்.

உப்பளம். இங்கேதான் நம் ஊரின் அனுகூலமும் தொல்லையும் ஒன்றாக வருகின்றன. பாத்தி, வரப்பு, வெள்ளை வெயில் எல்லாம் அப்படியே இருக்கிறது. உப்பு அம்பாரத்தை மூடும் தார்ப்பாயும் பிளாஸ்டிக்கும் நம் காலத்தவை, எடுத்துவிட்டுப் பனை ஓலை வேய்ந்துவிடுங்கள். ஓலை வேய்கிற கை இன்னும் கிடைக்கும். மோட்டார் பம்பு மறைய வேண்டும். சட்டகத்தில் எட்டிப் பார்க்கும் பெரிய பிரச்சினை சீமைக் கருவேலம். அது இப்படிக் காடாகப் பரவியது 1950களுக்கு அப்புறம். 1942இல் அந்தச் செம்மணல் தேரியோரம் நின்றது குடை விரித்த உடைமரமும் பனையும்தான். அதனால் வெளிப்புறக் காட்சிக்குத் தேரிப் பக்கம் உடைமரம் நிற்கிற இடமாகப் பார்த்து வையுங்கள். குலசேகரப்பட்டினம் பக்கமே எடுக்க ஆசைப்பட்டால், அனல்மின் நிலையப் புகைபோக்கியும் ராக்கெட் ஏவுதள வேலையும் கேமராவுக்கு வராத கோணம் தேட வேண்டும். முத்தாரம்மன் கோயில் தசரா மாதத்தில் அந்தத் திசைக்கே போகாதீர்கள், வேஷக் கூட்டத்தில் உங்கள் யூனிட் காணாமல் போய்விடும். வடகிழக்கு மழைக்கு முன்னால் உப்பு வாருவது நின்றுவிடும், ஆகவே மே, ஜூனில் முடித்துவிடுவது நல்லது. உடன்குடியிலிருந்து திசையன்விளைக்குச் சிறு ரயில் ஓடியதே, அதைக் காட்டலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது 1940இலேயே நின்றுபோனது.

கேமரா விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், மற்றது உங்கள் ஒளிப்பதிவாளர் பாடு. நம்மூர்க் கோர்ட்டில் எதிரிக் கூண்டு பெரும்பாலும் பின்னால் இருக்கும். அவனுக்காக வாதாடுகிறவரின் முதுகுதான் அவனுக்குத் தெரியும். அந்த இடத்தில் கேமராவை வைத்துப் பழகுங்கள். கறுப்புக் கவுன் முதுகுகள், அவற்றுக்கு நடுவே உயரத்தில் ஜட்ஜின் கையும் பேனாவும். ஜட்ஜ், சாட்சி, இரண்டு வக்கீல், பின்னால் எதிரிகள் என்று ஐந்து பக்கம் பார்வை போகிற ஹாலில், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது எடிட்டிங்கில் குழம்பிவிடும். படம் பிடிப்பதற்கு முன்பே தரையில் சாக்கட்டியால் போட்டுப் பார்த்து வசனம் சொல்லி நடந்துவிடுங்கள். எதிரிகள் இருபது பேர் என்றால் அந்த இருபது பேரும் கடைசி வரை அதே இருபது பேராக இருக்க வேண்டும். வழக்கு மாதக்கணக்கில் ஓடுகிறது என்றால் தாடி வளர வேண்டும், உடம்பு இளைக்க வேண்டும். அதனால் கோர்ட் காட்சிகளைக் கதை வரிசையிலேயே எடுப்பது செலவு அதிகமானாலும் நல்லது. கோர்ட்டில் எதிரிகளுக்குப் பெயர் இல்லை, முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று எண்தான். நடிகர்களையும் தளத்தில் அப்படியே கூப்பிடுங்கள், இரண்டாம் நாளே அவர்கள் நிற்கும் விதம் மாறும்.

ஒன்றரை மணி நேரம் என்று வைத்திருப்பது சரியான முடிவு. யுத்தத்தின்போது ஃபிலிம் தட்டுப்பாட்டால் முழு நீளப் படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்படுத்தியது. சுமார் 2 மணி நேரம். பாட்டை அடுக்கிக்கொண்டிருந்த தமிழ் சினிமா அதனால் கொஞ்சம் ஒழுங்குக்கு வந்தது என்பது என் எண்ணம்.

கடைசியாக உண்மை வழக்கு. உங்கள் கதையைக் கேட்டதும் நம் பக்கத்தார் எல்லாருக்கும் குலசேகரப்பட்டினம் வழக்குதான் ஞாபகம் வரும். 1942 செப்டம்பரில் அங்கே உப்பளத்தில் லோன் என்ற உப்பு இலாகா அதிகாரி கொல்லப்பட்டார். காசிராஜன், ராஜகோபாலன் இருவருக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அது நிறைவேறவில்லை, பின்னால் விடுதலையானார்கள். அந்த வழக்கையே எடுப்பதென்றால் பெயர், தேதி, யார் எங்கே நின்றார் என்று ஒவ்வொன்றையும் தீர்ப்பு நகலோடு ஒத்துப்பார்த்தாக வேண்டும். சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நம்மோடு இருக்கிறார்கள், அவர்களைப் போய்ப் பார்க்காமல் ஒரு வரி எழுதக் கூடாது. நீங்கள் சொன்ன பட்ஜெட்டுக்கும் காலத்துக்கும், கற்பனை ஊர், கற்பனைப் பெயர்கள், உண்மையான சட்டம் என்று போவது நல்லது. எப்படிப் போனாலும் செத்துப்போன அதிகாரியை மீசை முறுக்கும் துரையாக ஆக்கிவிடாதீர்கள். ராத்திரியில் டூட்டி பார்த்த ஓர் ஆள் செத்திருக்கிறான். அவன் சாவுக்குக் கனம் இருந்தால்தான் கூண்டில் நிற்கும் இருபது பேரின் உயிருக்கும் கனம் வரும்.

ஆவணம் தேட, எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஆராய்ச்சி அனுமதிக்கு எழுதிப் போடுங்கள், பதில் வர நாளாகும். அதற்குள் ஃபெடரல் கோர்ட் தீர்ப்பை ஏதாவது வக்கீல் சங்க நூலகத்தில் வாசித்துவிடலாம், அவசரச் சட்டத்தின் பிரிவுகளும் அதிலேயே கிடைக்கும். ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க் ஒருவரைத் தேடிப் பிடித்துப் படப்பிடிப்பு முழுக்கத் தளத்தில் உட்கார வையுங்கள். எந்தக் காகிதம் யார் கைக்கு எப்போது போக வேண்டும் என்பது வக்கீலைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நாள் சம்பளம் பேசியே கூப்பிடுங்கள்.